சேவல் மிஷின்

ஆகஸ்டு மாதத்தில் எகிப்தின் தும்யாத் ஊரில் யாருக்கும் யாரையும் பிடிக்காது. ஆற்றுப் பக்கமிருந்து ஒரு ஈரமும் கடல் பக்கமிருந்து ஒரு ஈரமும் கிளம்பி வந்து பட்டறைத் தெருவில் சந்தித்துக்கொள்ளும். மரத்தூள் கழுத்தில் அப்பிக்கொள்ளும். அடித்த வார்னிஷ் காயாமல் பிசுபிசுக்கும். இழைக்கிறவன் அறுக்கிறவனைத் திட்டுவான், அறுக்கிறவன் மரம் கொடுத்தவனைத் திட்டுவான். இதற்கு நடுவில் தினமும் கரண்டும் போய்த் தொலைந்தால் கேட்கவே வேண்டாம்.

கரண்டு போனதும் தெருவே மூச்சடங்கிவிடும். கட்டில் செய்கிறவன், அலமாரி செய்கிறவன், நாற்காலிக் காலுக்குப் பூ செதுக்குகிறவன் எல்லோரும் தெருமுனைக் காப்பிக்கடைக்குப் போய், வெளியே கட்டியிருக்கும் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து டொமினோ ஆடுவார்கள். பட்டப்பகலில், தார்ப்பாய்க்கு அடியில், கரண்டு வந்தது எப்படித் தெரியும்? அதற்கு அந்தத் தெருக்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கரண்டு போனதும் பட்டறையில் ஒரே ஒரு மிஷினை மட்டும் அணைக்காமல் விட்டுவிட்டு வருவார்கள். கரண்டு திரும்பிய நொடியில் ஆளில்லாத பட்டறையில் அது தானாக அலறும். அதற்குச் சேவல் என்று பேர். சேவல் கத்தினால் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். யார் சேவல் முதலில் கத்துகிறது, யாருடையது உரக்கக் கத்துகிறது என்று அவர்களுக்குள் போட்டி வேறு.

ஷாஸ்லி பட்டறைச் சேவலை அடிக்கத் தெருவில் ஆளில்லை. அது ஒரு ரவுட்டர். வீட்டுக்கு நெட்டு கொண்டுவருகிற டப்பாவுக்கும் அதே பேர்தான், ஆனால் இது மரத்தின் ஓரத்தில் வளைவும் பள்ளமும் போடுகிற மிஷின். கையில் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுவதற்காகச் செய்தது. ஷாஸ்லி அதைத் தலைகீழாக ஒரு மேஜைக்கு அடியில் தொங்கவிட்டிருந்தார். மேஜையில் போட்ட ஓட்டை வழியாக வெட்டுகிற பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். மரத்தை மேஜையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் ஓரம் அழகாக இழைந்து வரும். விசையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு யாரும் அடியில் குந்தியிருக்க முடியாது. அதனால் விசையை ஒரேயடியாக அமுக்கிச் செம்புக்கம்பியால் இறுகக் கட்டிவிட்டார். போடுவதும் அணைப்பதும் சுவர் சுவிட்சில்.

அந்த மிஷின்தான் ரமலான் முடிந்த கையோடு அவருடைய தம்பி மஹ்ரூஸின் வலது கையிலிருந்து ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. கரண்டு இல்லாத நேரம். சும்மா இருக்கும் நேரத்தில் பிட்டை மாற்றி வைத்துவிடலாம் என்று அவன் மேஜைக்கு அடியில் கையை விட்டு ஸ்பேனரால் திருகிக்கொண்டிருந்தான். வழக்கமாக வருகிற நேரத்துக்கு முன்பே கரண்டு வந்துவிட்டது. சேவல் கத்தியது. காப்பிக்கடையில் எல்லோரும் எழுந்து அவரவர் பட்டறைக்குப் போனார்கள், ஷாஸ்லி பட்டறையில் இரண்டு சத்தம் கேட்கிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மஹ்ரூஸின் மனைவி இன்ஷிராஹ்தான் மாடியிலிருந்து கேட்டாள். பட்டறைக்கு மேலேதான் அவர்கள் வீடு. படியிறங்கி ஓடிய அவள்தான் சுவிட்சை அணைத்தாள், துணியைச் சுற்றினாள், விரல்களை மரத்தூளில் தேடினாள். ஆஸ்பத்திரியில் ஷாஸ்லி வந்து அவள் பக்கத்தில் நின்று சொன்ன முதல் வார்த்தை, "நஸீபு." எழுதியது நடக்கும். அடுத்து வந்தவனும் அதையே சொன்னான். வீட்டுக்கு வந்த பெண்களும் சொன்னார்கள். மூன்று மாதமாக ஊரே அந்த ஒரு சொல்லை அவள் வாசலில் கொண்டுவந்து கொட்டியது. அந்தச் சொல்லோடு யார் வந்தாலும் அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள்.

மஹ்ரூஸ் வீட்டுக்கு வந்த அன்றே அவள் கீழே போய் ரவுட்டரை மேஜையிலிருந்து கழற்றி, கழுதை வண்டியில் கூவிக்கொண்டு வந்த பழைய சாமான்காரனிடம் சும்மா கொடுத்துவிட்டாள். ஷாஸ்லி குதித்தார். பிறகு ஒரு நாள் மஹ்ரூஸ் தொழுதுகொண்டிருந்ததைக் கதவோரமாக நின்று பார்த்தாள். கடைசி இருப்பில் சாட்சி சொல்லி ஆள்காட்டி விரலை நீட்ட வேண்டிய இடம் வந்தது. விரல் இருந்த இடத்தில் ஒரு முண்டு மட்டும் மேலே எழும்பியது. அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள்.

அந்த ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, வாத்துக்குள் அடைக்க அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாசல் பெல் அடித்தது. அது குருவி பெல். கிச்கிச்சென்று நாலைந்து குருவிகள் சண்டை போடுகிற மாதிரி கத்தும். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அதே குருவிதான். யாராக இருந்தாலும் ஒரு தடவை அமுக்குவார்கள். கதவு திறக்கும்வரை கையை எடுக்காமல் அமுக்குகிறவர் ஷாஸ்லி ஒருவர்தான்.

அவர் வந்து மஹ்ரூஸுக்கு எதிரில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. காதோரம் பென்சில், பட்டறை லீவான வெள்ளிக்கிழமையிலும்.

"கை எப்படிடா இருக்கு?"

"இருக்குண்ணே. இருக்கிற வரைக்கும் இருக்கு."

"வாயி மட்டும் முழுசா இருக்கு. கேளு. நாளைக்கு பத்ராவி ஹாஜ் கடைக்குப் போறோம். ரவுட்டர் இல்லாம ஓட்ட முடியாது. கல்யாண ஆர்டர் நிக்குது. கட்டில் தலைமாட்டுக்கும் அலமாரிக் கதவுக்கும் பக்கத்துப் பட்டறைக்காரன்கிட்ட கெஞ்சி ஓரம் இழைச்சு வாங்குறேன். அவன் என்னைப் பாத்து இளிக்கிறான். என்ன மிஷின் எடுக்கலாம் சொல்லு. அந்த மேஜையில நின்னு வேலை பாக்குறவன் நீதான்."

இன்ஷிராஹ் கத்தியைக் கீழே வைத்தாள். "அவரு மறுபடி அந்த மேஜைக்குப் போறாரா?"

"பின்ன உம்மு வியாம், சும்மா உக்காந்து சோறு திங்கச் சொல்றியா? அவனே நேத்து கேட்டான். நீயே கேட்டுப் பாரு." வியாமின் அம்மா என்று பிள்ளை பேரை வைத்துத்தான் அவளைக் கூப்பிடுவார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கட்டுப்பிரித்த கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான். "போகத்தான் செய்யணும். எனக்கு வேற என்ன தெரியும்."

"சரி. அப்ப கடைக்கு நானும் வர்றேன்."

ஷாஸ்லி சிரித்தார். "நாங்க துணி எடுக்கவா போறோம்?"

"போன தடவ நீங்க ரெண்டு பேரும் போய் எடுத்துட்டு வந்த மிஷினுக்கு நான் ரத்தம் தொடச்சேன் உஸ்தா. இந்தத் தடவ எடுக்கும்போதே பாத்துக்கறேன்."

உஸ்தா, அதாவது மேஸ்திரி, என்று அவள் கூப்பிட்ட விதத்தில் அவருக்கு முகம் இறுகியது. தம்பி பக்கம் திரும்பிக்கொண்டு, "சொல்லுடா" என்றார்.

மஹ்ரூஸுக்கு மிஷின் பேச்சென்றால் உயிர் வந்துவிடும். மூன்று மாதத்தில் அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "கையில பிடிச்சு ஓட்டுற மிஷின் வேற, மேஜைக்கு அடியில தொங்குற மிஷின் வேற அண்ணே. கையில பிடிக்கிறதுக்கு எடை கம்மியா பாப்பான். தொங்குறதுக்கு எடை எவ்வளவு இருந்தா என்ன? மேஜைதான சுமக்குது. நல்ல கனமான மோட்டார் வேணும். பழசு பீச் மாதிரி கெட்டி மரத்தைக் காட்டினாலே முக்கும். அப்புறம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு வேணும். பெரிய பிட்டைப் போட்டு முழு வேகத்துல விட்டா மரம் கருகிடும், நமக்கும் ஆபத்து. பிட்டைக் கவ்வுற வாய் பெருசா இருக்கணும், தடித்த தண்டு போடணும். உசரத்தை மேல இருந்தே சாவி போட்டுத் திருகுற மாதிரி இருந்தா குனியவே வேண்டாம். சிலதுல அந்த வாயே மேஜைக்கு மேல எந்திரிச்சு வந்துரும். நின்ன எடத்துலயே பிட்டை மாத்திக்கலாம்."

இன்ஷிராஹ் முந்தானையில்லாத தேசத்துக்காரி, தலைத்துணி முனையில் கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தாள். "இப்ப என்ன சொன்ன? மறுபடி சொல்லு."

"எது?"

"வாயி மேல வருமா? அடியில கையையே விட வேண்டாமா?"

"ஆமா."

"அப்படி ஒரு மிஷின் இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியும்" என்றான் மஹ்ரூஸ்.

"தெரிஞ்சும் ஏன் வாங்கல?"

"விலை கூட" என்றார் ஷாஸ்லி, ஜன்னலிடம். "அப்ப கையில இல்ல. நடக்கணும்னு இருந்துச்சு, நடந்துச்சு. நஸீபு. அதைப் போட்டுக் கிளறாத."

"அந்தச் சொல்ல என் வீட்டுக்குள்ள சொல்லாதீங்க. வெங்காயத்துக்குக் கண்ணுல வந்த தண்ணியே இன்னைக்குப் போதும்."

வாத்து வெந்தபோது ஷாஸ்லி சாப்பிடாமலே போயிருந்தார். அவருக்கென்று எடுத்து வைத்த தொடையை அவள் மஹ்ரூஸ் தட்டில் வைத்தாள். அவன் இடது கையால் பிய்க்கத் தெரியாமல் பிய்த்தான். அதைப் பார்க்கவும் கோபம்தான் வந்தது.

பத்ராவி ஹாஜ் கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தவுடன் எண்ணெய் வாசனையும் புது ரப்பர் வாசனையும் அடித்தன. ஹாஜ் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மஹ்ரூஸின் கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, இன்ஷிராஹுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

முதலில் ஒரு நீல நிற மிஷின் வந்தது. "இது ராட்சசன்" என்றார் ஹாஜ். "வேகத் திருகு இருக்கு. தடித்த தண்டு போடலாம். போட்டவுடனே உதறாது, மெதுவா ஆரம்பிச்சு வேகம் பிடிக்கும். மேஜைக்கு அடியில தொங்கப் போடறவங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க."

மஹ்ரூஸ் அதைத் தூக்கி எடை பார்த்தான். மூன்று விரலில் நழுவியது. ஷாஸ்லி சட்டென்று தாங்கிக்கொண்டார். இருவருமே அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

"ஹாஜ், அதப் போடுங்க" என்றாள் இன்ஷிராஹ்.

"போட்டுக் காட்டறேன் தாயி. சத்தம் கேட்டா பயப்படக் கூடாது."

"நான் அந்தச் சத்தத்துக்கு மேல குடியிருக்கறவ. போடுங்க."

ஹாஜ் மிஷினைப் பலகையில் இறுக்கி, ப்ளக்கைச் சொருகி, விசையைத் தள்ளினார். மெல்ல முனகி வேகமெடுத்தது. அவள் நேராகப் போய் ப்ளக்கைப் பிடுங்கினாள். மிஷின் சுற்றிச் சுற்றி அடங்கியது. கடையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. விசை போட்டபடியே இருந்தது. அவள் ப்ளக்கை மறுபடி சொருகினாள். யாரும் தொடாமலே மிஷின் மறுபடி முனகி எழுந்தது.

"இது வேண்டாம்" என்றாள். "அடுத்தது."

"ஏம்மா?"

"தானா எந்திரிக்குது."

"எந்திரிக்கத்தானம்மா செய்யும். கரண்டு வந்தா மிஷின் ஓடும். அதுக்குத்தான் மிஷின்."

"அடுத்தது ஹாஜ்."

அடுத்தது பச்சை. அவள் பிடுங்கிச் சொருகியதும் இறுக்காத பலகையோடு சேர்ந்து துள்ளி ஹாஜின் தேநீர்க் கிளாஸைத் தட்டிவிட்டது. கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஷாஸ்லிக்கு மானம் போயிற்று.

"உம்மு வியாம், போதும் வா. மிஷின் வாங்க வந்தியா, கடைய உடைக்க வந்தியா?"

"நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டார் ஹாஜ், கிளாஸைப் பொறுக்கிக்கொண்டே. சொன்னார்கள். "அட, சேவல் தெருவா. இப்பப் புரியுது. உங்களுக்கு நல்லா கத்துறதுல்ல வேணும்? இந்தம்மா என்ன கத்தாததத் தேடறாங்க?"

"ஆமா ஹாஜ். கத்தாததுதான் வேணும். செத்தா செத்தபடியே கிடக்கணும். மனுசன் வந்து கையால எழுப்புற வரைக்கும்."

ஹாஜ் சிரிப்பை நிறுத்தினார். பிறகு உள்ளே போய்க் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். "இது இருக்கு. வாய் மேஜைக்கு மேல எந்திரிச்சு வரும். உசரம் மேல இருந்தே சாவி போட்டுத் திருகலாம். கரண்டு போயிட்டு வந்தா ஓடாது. நீ விசைய ஒரு தடவ அணைச்சு, மறுபடி போட்டாத்தான் ஓடும். விலைதான் கொஞ்சம் கூட. இங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, அதான் உள்ள கெடக்கு."

அவளே போட்டாள். அவளே பிடுங்கினாள். அடங்கியதும் சொருகினாள்.

மிஷின் பேசாமல் இருந்தது.

மறுபடியும் பிடுங்கிச் சொருகினாள். பேசாமல்தான் இருந்தது. இப்படி ஒரு பொருள் இத்தனை நாளும் இந்த ஊரில், இந்தக் கடையில், ஒரு பெட்டிக்குள் சும்மா கிடந்திருக்கிறது.

"இதுதான்" என்றாள்.

ஷாஸ்லி விலையைக் கேட்டார். ஹாஜ் சொன்னார். ஷாஸ்லி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதில் வைத்தார். "இதுக்குப் பாதி விலைக்கு நீலம் வருது. அதே மோட்டார். இது கரண்டு வந்தா சொல்லாது. ஊருக்கெல்லாம் சேவல் கத்தும்போது நாம மட்டும் உக்காந்து டொமினோ ஆடிட்டு இருக்கணுமா?"

அவ்வளவுதான். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது அந்தக் கடை நடுவில் வெடித்தது.

"உங்களுக்குச் சேவல்தான் பெருசு. உங்க சேவல்தான் எங்க வீட்டுக்காரர் விரலக் கொத்திட்டுப் போச்சு. விசைய அமுக்கிக் கம்பி கட்டினது யாரு? சுவிட்ச அணைக்காம விட்டுட்டுப் போய் டொமினோ ஆடினது யாரு? சொந்தத் தம்பி அடியில கைய விட்டிருக்கான், மேல நீங்க சேவல் வச்சிட்டுப் போயிருக்கீங்க. அப்புறம் ஆஸ்பத்திரியில வந்து நின்னு நஸீபாம். அல்லாஹ்வா வந்து உங்க கம்பியக் கட்டினான்?"

"அஸ்தஃபிருல்லாஹ்" என்றார் ஹாஜ் மெதுவாக.

ஷாஸ்லியின் கழுத்து நரம்பு புடைத்தது. "கம்பி கட்டினது நான். அத நான் இல்லேன்னு சொல்லல. மூணு மாசமா நீ என்னைக் குத்திக் குத்திப் பேசுற, வாயத் தொறக்கல. அன்னைக்கு நான் டவுன்ல இருந்தேன். காலையிலயே தாழ்ப்பாள் கீல் வாங்கப் போயிட்டேன். சுவிட்ச விட்டது யாருன்னு இந்தா நிக்கிறானே, இவன்கிட்டக் கேளு."

அவள் மஹ்ரூஸைப் பார்த்தாள். அவன் கறுப்பு மிஷினின் திருகைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"நீயா?"

"எல்லாரும்தான் வைக்கிறாங்க."

"நீ வச்ச. நீயே வச்சிட்டு, நீயே அடியில கைய விட்டியா?"

"வழக்கமா வர்றதுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு. அதுக்குள்ள மாத்திரலாம்னு நெனச்சேன். சுவிட்ச அணைச்சா அப்புறம் திருப்பிப் போட மறந்துருவேன், சேவல் கத்தாது..."

"சேவல் கத்தாது" என்று அவள் திருப்பிச் சொன்னாள்.

"உன்கிட்டச் சொன்னா நீ..."

"நான் என்ன பண்ணியிருப்பேன்? அதச் சொல்லு."

அவன் திருகைச் சும்மா சுற்றினான். அவளுக்கு இப்போது யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பொய் சொன்ன புருஷன் மேலா, அவனை மறைத்துக்கொண்டு அவள் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்ட இந்தத் தடியர் மேலா? இருவரும் சேர்ந்து ஒரு சொல்லால் அவளை மூடி வைத்திருக்கிறார்கள். பாத்திரம் துலக்கும்போதும் துணி காயப்போடும்போதும் அவள் ஷாஸ்லியைச் சபித்திருக்கிறாள். அத்தனை சாபமும் வீண்.

"கறுப்பு மிஷினக் கட்டுங்க ஹாஜ்" என்றாள். "மிச்சக் காசுக்கு என் வளையல் இருக்கு."

"வளையலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று ஷாஸ்லி பையில் கைவிட்டார். "நான் குடுக்கறேன். நீ பேசாம இரு, அது போதும்."

திரும்பும் வழியில் ஷாஸ்லி மிஷப்பிக் வாங்கினார். புது மிஷின் வந்தால் தெருவுக்கு அந்த இனிப்பைக் கொடுத்தாக வேண்டும். பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், ஒன்றைக்கூடப் பிய்த்து வாயில் போடவில்லை. பாகு காகிதத்தில் ஊறி அவள் உடுப்பெல்லாம் ஒட்டியது.

மறுநாள் மஹ்ரூஸ் புது மிஷினை மேஜையில் தொங்கவிட்டான். பலகையில் ஓட்டையைப் பெரிதாக்கினான், மட்டம் பார்த்தான், மேலிருந்து சாவி போட்டு வாயை ஏற்றி, நின்ற இடத்திலேயே பிட்டை மாட்டினான். பென்சிலைக் கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் இடுக்கிக் கோடு போடப் பழகியிருந்தான். முதல் பீச் சட்டம் ஓடியது. ஓரம் வெண்ணெயில் விரலால் இழுத்த மாதிரி வந்தது, ஒரு கருகலும் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரன் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டு மிஷப்பிக்கைத் தின்றான். இன்ஷிராஹ் படியில் நின்று பார்த்தாள். புருஷனோடு அவள் இன்னும் பேசவில்லை. தட்டை வைப்பாள், எடுப்பாள். ஆனாலும் அந்த மிஷின் மேல் அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்திருந்தது. மனிதனைவிட அது மேல் என்று நினைத்தாள்.

அன்று பிற்பகலில் கரண்டு போனது. தெரு அடங்கியது. செருப்புச் சத்தங்கள் காப்பிக்கடைப் பக்கம் நகர்ந்தன. அவள் சமையலறையில் பாமியாவுக்கு, நம் வெண்டைக்காய்தான், காம்பு கிள்ளிக்கொண்டு காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். கரண்டு வரும்போது தன் வீட்டுக்குக் கீழே ஒரு சத்தமும் வராது என்பதைக் கேட்பதற்காகவே காத்திருந்தாள். அப்படி ஒரு அமைதியை அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கேட்டதில்லை.

ஃபிரிட்ஜ் உறுமியது. கரண்டு வந்துவிட்டது.

கீழே ரவுட்டர் பேசாமல் இருந்தது. அதே நொடியில் அதற்குப் பக்கத்திலிருந்து வேறொன்று கிளம்பியது. அவள் காம்பு கிள்ளிய விரல் அப்படியே நின்றது. பட்டை ரம்பம். பல் வைத்த இரும்புப் பட்டை சுற்றிச் சுற்றி ஓடுகிற ஆள் உயர ரம்பம், கட்டில் கட்டையைக் கேக் மாதிரி அறுப்பது, அது ஆளில்லாத பட்டறையில் தன்னந்தனியாக ஊளையிட்டது. தெருவிலேயே அதுதான் முதலில் கத்தியது. அதற்குப் பிறகுதான் மற்ற சேவல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

அவள் காயைத் தள்ளிவிட்டு எழுந்தாள். எங்கே போகிறோம் என்று யோசிக்கவில்லை. வாசலுக்கு வந்தவள் கதவு மேலே இருந்த குருவி பெல்லைப் பார்த்தாள். பாமியா நறுக்குகிற கத்தி முனையைக் கொடுத்து அதைச் சுவரிலிருந்து பெயர்த்தாள். ஒயர் அறுந்து, அமுக்குகிற பித்தானும் சேர்ந்து கையோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. மஹ்ரூஸ் தெருவில் ஓடி வந்துகொண்டிருந்தான், முகமெல்லாம் பல். மூன்று மாதத்துக்குப் பிறகு அவனுடைய சேவல் தெருவில் முதலில் கத்தியிருக்கிறது. அவளைப் பார்த்ததும் பல் உள்ளே போயிற்று.

"இது ரவுட்டர் இல்ல இன்ஷிராஹ்" என்றான், சத்தத்துக்கு மேல். "ரம்பம். இதுக்கு அடியில யாரும் கை விட மாட்டாங்க."

அவள் ரம்பத்தின் மேஜைக்குப் போனாள். வலது கையை அதன் மேல் விரித்து வைத்தாள். பட்டைக்கும் அவள் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழைகிற இடம்தான் இருந்தது. இரும்பின் நடுக்கம் தோள்வரை ஏறியது.

"ஏய்" என்றான் அவன். ஓரடி முன்னே வைத்தான்.

"கிட்ட வராத. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. இப்ப என் விரல் போனா அதுக்குப் பேரு என்ன?"

"கைய எடு."

"பேரு என்னன்னு கேட்டேன். ஆஸ்பத்திரியில எல்லாரும் வந்து சொன்னீங்களே. நீயும் படுத்துக்கிட்டே சொன்னியே. அந்தச் சொல்ல இப்பச் சொல்லு. என் மூஞ்சப் பாத்துச் சொல்லு."

மஹ்ரூஸ் வாயைத் திறந்தான். அந்தச் சொல்லைச் சொல்வது அவனுக்கு மூச்சு விடுவது மாதிரி. எதற்கும் சொல்லுவான், தேநீர் சிந்தினால்கூடச் சொல்லுவான். அது இப்போது வரவில்லை. அவன் சுவரோரமாக நகர்ந்து, அவள் கையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மூன்று விரலால் சுவிட்சைத் தேடி அணைத்தான். ரம்பம் அடங்க நேரம் பிடித்தது. அது முழுசாக நிற்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

வாசலில் ஷாஸ்லி வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. பென்சில் காதில் இல்லை, கையில் ஒடிந்து கிடந்தது.

இன்ஷிராஹ் பெல்லை ரம்பத்தின் மேஜை மேல் வைத்தாள். "கரண்டு வந்தது தெரியணும், அவ்வளவுதான? இதக் கட்டுங்க. பித்தான அமுக்கின மாதிரியே வச்சுக் கட்டுங்க. அதுக்கு நல்லா கம்பி கட்டத் தெரியுமே உங்களுக்கு. கரண்டு வந்தா இது கத்தட்டும். யாரையும் கொத்தாது."

"குருவி பெல்லா?" என்றார் ஷாஸ்லி. "தெருவே சிரிக்கும் உம்மு வியாம்."

"சிரிக்கட்டும். பத்து விரல் இருக்கறவன் எல்லாம் வந்து நின்னு சிரிக்கட்டும்."

தெரு நெடுக மற்றப் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன. மஹ்ரூஸ் சாமான் தட்டிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தான். பெல்லை வாசல் தூணுக்கு மேலே தூக்கிப் பிடித்தான், ஒரு கையால் பிடிக்கவும் இன்னொரு கையால் திருகவும் அவனால் முடியவில்லை. இரண்டு தரம் திருகாணி கீழே விழுந்தது. ஷாஸ்லி முன்னே வந்தார். இன்ஷிராஹ் அவரைத் தள்ளிவிட்டுத் தானே போய் பெல்லைத் தூணோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"திருகு" என்றாள். கடையிலிருந்து வந்த பிறகு அவனிடம் அவளாக வந்து சொன்ன முதல் சாதாரண வார்த்தை அது. அதிலும் கோபம்தான் இருந்தது. அவன் திருகினான்.